நானும் புஷ்பமும் கதவு தட்டின கதை

கிட்ட வந்து உட்காருங்க. தள்ளி உட்கார்ந்தால் பாதிக் கதை காதில் விழாது. நான் குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டிய இடங்கள் இதில் நிறைய இருக்கின்றன.

அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டி, நமக்குத் தேவையில்லாததையெல்லாம் கேட்டுவிட்டு வருகிற தொழிலுக்குத்தான் ஆராய்ச்சி என்று பெயர். ஓட்டுப் பட்டியலுக்கோ, ஜனக்கணக்குக்கோ, அம்மை குத்தவோ வீடு வீடாய் ஏறி இறங்கியவர்கள் உங்களில் யாராவது இருந்தால் என் பாடு புரியும். நம்மைக் கண்டால் நாய் குரைக்கும், வீட்டுக்காரர் குரைக்க மாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் படித்தது அஞ்சாவது. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு ஒரு சர்வகலாசாலையின் ஆராய்ச்சியில் வேலை பார்த்திருக்கிறேன் என்றால் என் பேரப்பிள்ளை முறையாகிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அறுபதுகளின் தொடக்கம் அது. நெய்வேலியில் சுரங்கம் வந்து, டவுன்ஷிப் வந்து, எல்லா ஜில்லாவிலிருந்தும் குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தன. பள்ளிக்கூடம், பெற்றவர்கள், சுரங்கம் மூன்றும் கை கோத்துப் பிள்ளைகளை எப்படிப் படிக்க வைக்கின்றன என்று பார்க்க ஒரு புரபசர் வந்தார். கதர் ஜிப்பா, தடித்த கண்ணாடி, வாய் திறந்தால் "கூட்டு முயற்சி". வீட்டுக்குள் போய்ப் பெண்களிடம் பேச அவருக்கு இந்தப் பக்கத்துப் பேச்சுத் தெரிந்த இரண்டு பெண்கள் வேண்டியிருந்தது. ஒருத்தி நான், பாக்கியம், குறிஞ்சிப்பாடி. இன்னொருத்தி புஷ்பம். கடலூர்ப் பக்கம், வேதக்காரப் பெண், ஞாயிறானால் சர்ச்சு, எட்டாவது படித்தவள், என்னைவிட வயதில் சின்னவள், மற்ற எல்லாவற்றிலும் பெரியவள்.

முதல் நாளே புரபசர் சொல்லிவிட்டார். ஆராய்ச்சி முடிந்ததும் எங்கள் இருவரில் ஒருத்தியைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துக்கொள்வார்கள். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே போய் வருகிற வேலை. பர்மனெண்ட். நெய்வேலியில் சாமி பெயரைவிட அதிகம் பேர் சொன்ன வார்த்தை அது. எனக்கு அது எதற்கு என்றால், கட்டினவர் போய்ச் சேர்ந்த பிறகு நான் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி ஒரு நாளும் ஒரு வார்த்தை தப்பாய்ப் பேசினதில்லை. எனக்குச் சோறு போடும்போது மட்டும் அவள் கரண்டி பானையின் அடியில் தட்டும். பானை நிறைய இருந்தாலும் தட்டும். அந்தச் சத்தம் கேட்காத இடத்தில் ஒரு வேளை சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதற்கு நடுவில் புஷ்பம் நின்றாள்.

முதல் கேள்வி

எங்கள் கையில் கொடுத்த தாளில் முதல் கேள்வி இப்படி இருந்தது: "தங்கள் குழந்தையின் கல்வியில் தங்கள் பங்கு யாது?" நான் அதை அப்படியே படித்தேன். கேட்கப்பட்டவள் ஒரு காண்ட்ராக்ட் கூலியின் மனைவி. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் ஒரு தரம் படித்தேன், கீரையைப் பார்த்தாள். இன்னொரு தரம் படித்தேன், என்னைப் பார்த்தாள். மூன்றாம் தரம் படித்தபோது, "வூட்டுல ஆம்பள இல்லீங்க, அப்பறமா வாங்க" என்றாள்.

கூட வந்திருந்த புஷ்பம் அவள் எதிரே குந்தி ஒரு கட்டுக் கீரையை எடுத்து ஆயத் தொடங்கினாள். "ஏங்க, பையன் காலையில பள்ளிக்கூடம் எப்பிடிப் போறான், சாயந்தரம் எப்பிடி வரான்?" என்று சும்மா பேச்சுப் போலக் கேட்டாள். அதற்கு வந்த பதிலைப் புரபசர் ஜீப்பில் போகும்போது மூன்று தரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு ஒவ்வொரு தரமும் புஷ்பத்தைத்தான் பார்த்தார். கதவைத் தட்டினது நான். நாய் துரத்தினது என்னை. பதில் மட்டும் அவளுக்கு வந்தது. அந்த அம்மாள் சொன்னது இதுதான்: "நான் வயித்த ரொப்பி அனுப்புறேன், அவங்க முதுக ரொப்பி அனுப்புறாங்க."

கூடும் பிள்ளைகள், குறையும் பிள்ளைகள்

சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு வேறு இடத்தில் குடியேறிய ஜனங்களிடமும் போகச் சொன்னார் புரபசர். தாளும் கையுமாய் யார் வந்து "வீட்டில் எத்தனை பேர்" என்று கேட்டாலும், தலைக்கு இவ்வளவு என்று ஏதோ கொடுக்கப் போகிறார்கள் என்று அங்கே ஒரு பேச்சு. நான் நுழைந்த முதல் வீட்டில் ஏழு பிள்ளைகள் வரிசையாய் நின்றன. அடுத்த வீட்டில் எட்டு. அதில் மூன்று எனக்கு ஏற்கெனவே தெரிந்த முகம். ஒன்றின் கையில் அதே பாதி கடித்த மாங்காய்கூட இருந்தது. பெற்றவளிடம் பெயர் கேட்டால், "நீயே சொல்லுடா" என்று பிள்ளையைக் கேட்டாள்.

டவுன்ஷிப்பில் இது தலைகீழ். குவார்ட்டர்ஸில் குடும்பத்துக்கு மேல் ஆள் தங்கினால் வீடு போய்விடும் என்று பயம். சட்டமோ வதந்தியோ, பயம் மட்டும் நிஜம். ஊரிலிருந்து படிக்க வந்த அண்ணன் மகன், நாத்தனார் மகள் எல்லாம் நான் கதவைத் தட்டினதும் பின்வாசல் வழியாய் இறங்கிவிடும். "ரெண்டே ரெண்டுதாங்க" என்று வீட்டுக்கார அம்மாள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தோட்டத்துப் பக்கம் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்கும். என் கணக்கைப் பார்த்த புரபசர், "பாக்கியம் அம்மா, இதன்படி பார்த்தால் டவுன்ஷிப் பள்ளியைப் பூட்டிக் கிராமத்துக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்" என்றார்.

புஷ்பம் எத்தனை பிள்ளை என்று எந்த வீட்டிலும் கேட்டதே இல்லை. "மூத்தவன் சட்டை பத்தாமப் போனா யாருக்கு எறங்குது?" என்பாள். அவ்வளவுதான். அம்மாக்காரி அடுக்குவாள்: ரெண்டாவதுக்கு, அது முழங்கையைக் கிழித்துவிடும், ஒட்டுப் போட்டு மூணாவதுக்கு, அப்புறம் என் அண்ணன் பையனுக்கு, கடைசியில் கரித்துணி. பிள்ளையை மறைக்கிற அம்மாவுக்கும் சட்டையை மறைக்கத் தோணாது. கிராமத்தில் இரவல் வாங்கின பிள்ளைக்குச் சட்டை வரிசையில் இடமே இருக்காது. இந்த ஒரு கேள்வி எனக்கு ஏன் தோணவில்லை என்று பஸ்ஸில் குறிஞ்சிப்பாடி வரைக்கும் வயிறு எரிந்தது. நானும்தானே அக்காள் பாவாடை போட்டு வளர்ந்தவள்? கரித்துணி வரைக்கும் சொல்லி முடித்த பிறகுதான் ஒரு அம்மாளுக்கு விஷயம் உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அடிப்பாவி, சட்டையக் கேட்டுக்கினே என் வூட்ட எண்ணிட்டியே!"

குறுக்கே நின்ற சைக்கிள்

பிளாக்குகளை எங்களுக்குள் பிரித்துக்கொண்டோம். ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும், ஒரு வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு சைக்கிள் நின்றது. யாரோ புத்தியில்லாமல் விட்டுப் போயிருக்கிறார்கள் என்று அதைத் தூக்கி ஓரமாய்ச் சாத்தினேன். சாத்தும்போது மணி அடித்துக்கொண்டது. கதவு திறக்கவில்லை. தட்டினேன். திறக்கவில்லை. நான் விடுகிற ஆளா? ஜன்னல் பக்கம் போய், "அம்மா, சர்வகலாசாலையிலேர்ந்து வந்திருக்கேங்க" என்று இரண்டு பிளாக்குக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினால் அந்த வீட்டில் நைட் ஷிப்ட் ஆள் தூங்குகிறார் என்று அர்த்தமாம். பால்காரன் முதல் பிச்சைக்காரன் வரை அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். புஷ்பத்துக்கும் தெரியும். என்னிடம் மட்டும் சாயங்காலம் சொல்கிறாள், "ஐயோ, உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன்க்கா" என்று. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

கதவைத் திறந்தவர் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள். கைலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணை ஒவ்வொன்றாய்த் திறந்து என்னைப் பார்த்தார். வைவார் என்று ஒதுங்கி நின்றேன். மரியாதை குறையாமல் கேட்டார்: "ஏனுங்கம்மா, ராத்திரி பூரா நான் தோண்டிப்போட்டு வந்து படுத்திருக்கறன், பகல்ல வந்து நீங்க என்னையத் தோண்டறீங்களே, இது நாயமுங்களா?"

கொடியில் காய்ந்த சேலை

சட்டைக் கேள்வியை நானும் எடுத்துக்கொண்டேன். எடுத்தால் என்ன, அவள் என்ன பட்டா வாங்கி வைத்திருக்கிறாளா? என் பிளாக்கில் ஒரு வீடு. நல்ல மாதிரி அம்மாள், காப்பி கொடுத்து உட்கார வைத்தாள். தானும் வீட்டுக்காரரும் இரண்டு பெண்களும், அவ்வளவுதான் என்றாள். நான் மெதுவாய், "பெரியவ பாவாடைதான் சின்னவளுக்குங்களா?" என்று விட்டேன். அம்மாள் வாயைத் திறப்பதற்குள் சின்னது முந்திக்கொண்டு, "இல்ல, இது சித்தி சேலையில தச்சது" என்று பாவாடையை விரித்துக் காட்டியது. அம்மாள் அதன் தொடையில் கிள்ளினாள்.

எந்தச் சித்தி என்று நான் கேட்கவில்லை. பின்வாசல் வழியே தோட்டத்துக் கொடி தெரிந்தது. அதில் கிளிப்பச்சைச் சேலை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. முந்தின நாள் முழுக்க என் முன்னால் நடந்து போன சேலை. மந்தாரக்குப்பத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்கியிருக்கிறேன் என்று எங்களிடமெல்லாம் சொல்லியிருந்தவளின் சேலை. ஊரெல்லாம் ஒளிந்திருந்த ஆட்களை எண்ணினவள் தானே ஒளிந்திருந்த ஆள்! கொடிக்குப் பின்னாலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள் புஷ்பம். திடுக்கிட்டாளா? இல்லை. அக்காளைப் பார்த்து, பயப்படாதே என்று கண்ணைக் காட்டிவிட்டு என்னிடம் சொன்னாள்: "வாக்கா, நான் சொல்லிக் குடுத்த கேள்விய என் வூட்டுலயே வந்து போட்டுட்டியே, கெட்டிக்காரிதான் நீ."

வட்டமாய்ப் போட்ட நாற்காலி

அந்த ரகசியம் என் நாக்கில் உட்கார்ந்துகொண்டு அரித்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், புஷ்பம் வேறு வழி பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்த வார்த்தை புஷ்பத்தின் மேல் மட்டும் விழாது. எனக்குக் காப்பி கொடுத்தவள் மேலும் அந்தப் பாவாடைக்காரி மேலும் விழும். தானாகவே என் வாயைக் கட்டுகிற மாதிரி ஓர் இடத்தில் போய் அவள் ஒளிந்திருந்தது எனக்கு இன்னும் எரிச்சலாய் இருந்தது.

இந்த நேரத்தில் புரபசர் பெரிய கூட்டம் ஒன்று போட்டார். பெற்றவர்கள், ஆசிரியர்கள், சுரங்கத்து அதிகாரிகள் மூன்று தரப்பாரும் ஒன்றாய் உட்கார்ந்து பேச வேண்டும். லேபர் பிளாக்குப் பெண்களை அழைத்து வந்தது நான். அவர்கள் சும்மா வரவில்லை, ஒவ்வொருத்திக்கும் தலை வாரிப் பூ வைத்துக் கூட்டி வந்தேன். எல்லோரும் சமம் என்று காட்ட நாற்காலிகளை வட்டமாய்ப் போடச் சொன்னார் புரபசர். போட்டோம். ஒருத்தரும் உட்காரவில்லை. வரிசை போட்டிருந்தால் எஞ்சினியர் முதல் வரிசை, போர்மேன் இரண்டாவது, எங்கள் ஜனம் கடைசியில் தரையில் என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வட்டத்தில் முன் எது, பின் எது? எஞ்சினியர் வீட்டு அம்மாள் உட்காரட்டும் என்று எல்லோரும் நின்றார்கள். தனியாய் எப்படி உட்காருவது என்று அந்த அம்மாளும் நின்றாள். புரபசர் "உட்காருங்கள், உட்காருங்கள்" என்று சொல்லிச் சொல்லி அவரும் நின்றார்.

புஷ்பம் நடுவில் போய்க் கையைத் தட்டினாள். "ஒண்ணாங் கிளாஸ் பிள்ளையப் பெத்தவங்கல்லாம் இந்தப் பக்கம், ரெண்டாங் கிளாஸ் அந்தப் பக்கம்!" பிள்ளையின் வகுப்பைச் சொன்னதும் கால் தானாய் நகர்ந்தது. அந்தப் பெரிய எஞ்சினியரும் சுரங்கத்தில் எடுபிடி வேலை பார்க்கிற ஓர் ஆளும் ஒண்ணாங் கிளாஸில் முழங்கை இடிக்க உட்கார்ந்தார்கள். புரபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். எஞ்சினியரும் பக்கத்து ஆளும் கூரையைப் பார்த்தார்கள். பிறகு எடுபிடி ஆள் தொண்டையைச் செருமினார். "நீங்கதான் லலிதா அப்பாங்களா சார்? எம்மவன் பலப்பத்தையெல்லாம் உங்க பொண்ணுதான் தின்னுடுதாம்." எஞ்சினியர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்: "அடடே, ராத்திரி அவளுக்குச் சாப்பாடு இறங்காத காரணம் இப்பல்ல தெரியுது!"

ஒரு வேலை, இரண்டு பேர்

அந்தக் கூட்டத்திலேயே ஒரு கமிட்டி அமைந்தது. தலைமையாசிரியை அம்மாள், அந்த எஞ்சினியர், கீரை ஆய்ந்த அம்மாள் மூன்று பேரும் அதில் இருந்தார்கள். எங்களில் யாரை வைத்துக்கொள்வது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டுப் புரபசர் ஓரமாய் உட்கார்ந்துகொண்டார். பிறகு ஒரு நாள் எங்கள் இருவரையும் ஒன்றாகவே கூப்பிட்டார்கள். உள்ளே போகும்போது வராந்தாவில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. யாரோ புது டீச்சர் வந்திருக்கிறார் போல என்று அதைச் சுற்றிக்கொண்டு போனேன்.

எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று தலைமையாசிரியை என்னைக் கேட்டார். குறிஞ்சிப்பாடி, பஸ்ஸில் வருகிறேன் என்றேன். "மழை நாளில் பஸ் நின்று போனால்?" என்றார். காதுக்குள் அண்ணி கரண்டி தட்டியது. அடுத்தது புஷ்பம். மந்தாரக்குப்பம் என்பாள், நடந்தே வந்துவிடுவேன் என்பாள், முடிந்தது கதை என்று நான் தரையைப் பார்த்தேன். அவள் சொன்னாள்: "டவுன்ஷிப்லயே எங்க அக்கா குவார்ட்டர்ஸ்ல ஒளிஞ்சிக்கினு இருந்தேங்க. இவங்களுக்குத் தெரியும். எண்ண வந்தப்ப என்னைப் பாத்துட்டாங்க. இது வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

எஞ்சினியர் இருமினார்; அவர் வீட்டில் ஒளிந்திருக்கிற மாமியார் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர் என்று எங்கள் இருவருக்குமே சட்டை வரிசையில் தெரியும். எந்த வீடு என்று அவர் கேட்கவில்லை. கீரை ஆய்ந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தலைமையாசிரியை என் பக்கம் திரும்பி, "தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை?" என்றார். "கேள்வித்தாள்ல அந்தக் கேள்வி இல்லீங்களே" என்றேன். வேறு என்ன சொல்வது? எஞ்சினியர் சிரித்தேவிட்டார். மற்ற இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலைமையாசிரியை சொன்னார்: "வீட்டுக்கு வீடு போகிற வேலைக்கு, ஒரு வீட்டுச் சங்கதியை இன்னொரு வீட்டில் கொட்டாத ஆள்தான் வேண்டும், பாக்கியம் திங்கட்கிழமை வந்துவிடட்டும்."

பஸ் கிளம்பினபோது

புஷ்பத்தைத் தேற்ற வேண்டுமே என்று அவள் பின்னாலேயே ஓடினேன். அவள் வராந்தாவில் அந்தத் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். புது டீச்சர் பெட்டி இல்லை, அவள் பெட்டி! ஆளுக்கு ஒரு பக்கமாய்ப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். வழியில் சொன்னாள்: வேறோர் ஆலை ஊரில் புரபசருக்கு அடுத்த ஆராய்ச்சியாம், அதற்கு அவளைக் கூப்பிட்டுவிட்டாராம். எப்போது கூப்பிட்டார் என்றேன். கூட்டத்தன்றைக்கே என்றாள். எனக்குப் பெட்டி திடீரென்று கனத்தது.

"அப்ப, உள்ள போகறப்பவே வேற வேலை கையில இருந்துச்சு. அதான் தைரியமா உண்மையச் சொன்னே."

"உண்மையச் சொல்றதுக்கு அதவிட நல்ல நாள் எங்கக்கா கெடைக்கும்?"

இவளைக் கட்டிக்கொள்வதா, இரண்டு அறை வைப்பதா என்று தெரியாமல் நின்றேன். பஸ் வந்தது. ஏறினாள். ஜன்னலோரம் இடம் பிடித்தாள். அதுவும் அவளுக்குத்தான் கிடைக்கும். அங்கே சோறு தண்ணியெல்லாம் எப்படியோ, பார்த்துக்கொள் என்று ஏதோ சொன்னேன். பஸ் நகர்ந்ததும் தலையை வெளியே நீட்டி, டவுன்ஷிப் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்: "அக்கா, மழைக்கு பஸ் நின்னுபோச்சுன்னு கவலப்படாத! எங்க அக்கா வூட்டுல ஒளிஞ்சிக்கிற எடம் ஒண்ணு காலியாயிடுச்சு, உனக்குன்னு சொல்லி வச்சிட்டேன்! அங்க கரண்டி தட்டாது!"

கரண்டி சங்கதியை நான் அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

வேலை அவள் எனக்கு விட்டது, அப்புறம் நான் தங்கின இடமும் அவள் விட்டது, அந்த ஊரில் நானாகச் சம்பாதித்து இன்று வரை பத்திரமாய் வைத்திருப்பது அவள் மேல் எனக்கு இருக்கிற பொறாமை ஒன்றுதான்.